‘நீர்’ விஷயமாகச் சம்பந்திக்கு

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தோத்திரம். உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும், முழங்கால் வலி இல்லாத காலைப் பொழுதுகளையும் தருவாராக. இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆண்டவர் பேரைச் சொன்ன கையோடு பொய் எழுத வேண்டாமே என்று நிறுத்திக்கொண்டேன். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. உங்கள் மகனுக்கு மனசுதான் சரியில்லை. இதைப் போனில் சொல்லலாம் என்றால், நீங்கள் போனில் “சரி”, “வெச்சிடட்டுமா” என்ற இரண்டைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளையும் என் மகளும் சேர்ந்து எட்டுப் பாட்டு கொண்ட ஒரு கிறிஸ்தவ ஆல்பம் வெளியிட்டது உங்களுக்குத் தெரியும். நம் காலத்துப் பாமாலை மாதிரி இல்லை. கிட்டார், டிரம்ஸ், கைதட்டல் எல்லாம் உண்டு. ஆனால் அது எப்படித் தயாரானது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. வீட்டிலேயே தெருச் சத்தம் கேட்காத அறை என்னுடையதுதான் என்று கண்டுபிடித்தார்கள். என் மெத்தையை எடுத்துச் சுவரில் சாத்தினார்கள், என் போர்வைகளை ஜன்னலில் தொங்கவிட்டார்கள், என்னை ஹால் சோபாவுக்கு அனுப்பினார்கள். காற்றாடிச் சத்தம் விழும் என்று காற்றாடியை நிறுத்தினார்கள், ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் நிறுத்தினார்கள், பாட்டு நன்றாக வந்த சந்தோஷத்தில் அதைத் திரும்பப் போட மறந்து இரண்டு முறை பால் திரிந்தது. மாப்பிள்ளை பகலெல்லாம் பல் செட் செய்யும் கூடத்தில் ஊராருக்குப் பல் தேய்த்துவிட்டு வருவார். என் மகள் கண்ணாடிக் கடையில் நின்று கால் கடுத்து வருவாள். வந்ததும் இருவரும் ஒரே மைக்கின் முன்னால் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்று பாடுவார்கள். நான் சோபாவில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளியவன் அல்லவா, தாளம் தப்பும் போதெல்லாம் என் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும். நான்காவது பாட்டில் ஒரு இருமல் கேட்கிறது, அது என்னுடையது என்று வீட்டில் ஒரு வதந்தி இருக்கிறது. நம்ப வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது பாட்டை அவர்கள் முதலில், “மேல்வீட்டு அறைக்கு நீ வா, வெறுமையாய் நிற்கிறேன், வந்து நிரப்பு” என்றுதான் எழுதியிருந்தார்கள். சீடர்கள் கூடிக் காத்திருந்தார்களே, அந்த மேல்வீட்டு அறைதான். மாப்பிள்ளை ஆசையாக உங்களுக்குப் போனில் பாடிக் காட்டினார். உங்கள் ஊர்ச் சபையில் மூப்பராக இருப்பவர் நீங்கள், கேட்டுவிட்டு, “ஆண்டவரை நீ, வா, போன்னா கூப்பிடுவாங்க? நீர்னு மாத்து,” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். என் மகள் விடவில்லை. “ஏங்க, அம்மாவ நீன்னுதானே கூப்பிடுறோம்? அதுல மரியாதை குறைஞ்சா போச்சு? கிட்ட இருக்கிறவங்களத்தான் அப்படிக் கூப்பிட முடியும்,” என்றாள். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கிட்டார் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, “அப்பா சொல்லிட்டாங்க, மாத்திடலாம்,” என்றார். மாற்றினார்கள். “மேல்வீட்டு அறைக்கு நீர் வாரும், வெறுமையாய் நிற்கிறேன், வந்து நிரப்பும்.” எனக்கும் அப்போது சரியாகத்தான் பட்டது. யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை, சம்பந்தி.

ஆல்பம் வெளிவந்தது. முதல் வாரம் கேட்டவர்களில் பாதிப் பேர் நான்தான். சத்தத்தைக் குறைத்து வைத்து ராத்திரியெல்லாம் ஓட விட்டால் எண்ணிக்கை ஏறும் என்றார்கள், ஓட விட்டேன். பாட்டுகளுக்குக் கீழே யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாமாம். சபையார் நாலு பேர் “ஆமென்” என்று எழுதினார்கள். என் மகள் தெருவில் தெரிந்தவர்கள் எல்லாருடைய போனுக்கும் பாட்டை அனுப்பினாள். வீட்டுக்குக் கேன் தண்ணீர் போடுகிறவருக்கும் அனுப்பினாள். அங்கேதான் வினை பிடித்தது. அடுத்த வாரம் காலையில் நான் முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறேன், தெருக்கோடியிலிருந்து என் மகள் குரல் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் வண்டி, அதன் தலையில் ஒலிபெருக்கி, அதில், “மேல்வீட்டு அறைக்கு நீர் வாரும், வெறுமையாய் நிற்கிறேன், வந்து நிரப்பும்!” மாடி வீட்டுக்காரர்கள் எல்லாம் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். நான் பாதி நுரையோடு கீழே இறங்கி, “இது சாமி பாட்டுப்பா,” என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, ஊர்ல எல்லாரும் தண்ணி தண்ணின்னு கேவலமாச் சொல்றாங்க. நீருன்னு மரியாதையாப் பாடினது உங்க பொண்ணும் மாப்பிள்ளையும்தான். கேட்டதும் கண்ணு கலங்கிடுச்சு,” என்றார். அந்த மனிதரை என்னவென்று திட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.

இதை மாப்பிள்ளை முதலில் சிரித்துக்கொண்டேதான் தாங்கினார். போன ஞாயிறு வந்தது. போதகர் இவர்கள் இருவரையும் ஆராதனையில் பாடச் சொன்னார். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு உருக்கமாக அதற்கு முன் அவர்கள் பாடி நான் கேட்டதில்லை. “வந்து நிரப்பும்” என்று மாப்பிள்ளை இழுத்து நிறுத்திய இடத்தில், நல்ல தூக்கத்தில் இருந்த எங்கள் சபைப் பொருளாளர், அவரும் எங்கள் தெருக்காரர்தான், திடுக்கிட்டு எழுந்து, “மூணாவது மாடி, ரெண்டு கேன்!” என்று கத்தினார். ஆலயமே சிரித்தது. போதகர் வேதப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. என் மகளும் சிரித்துவிட்டாள். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாப்பிள்ளை மட்டும் தனியாகப் பாட்டை முடித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. மைக்கைத் துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டார். என் மெத்தை கட்டிலுக்குத் திரும்பிவிட்டது, நான் நன்றாகத் தூங்க வேண்டியவன், தூக்கம் வரவில்லை. இரண்டு பேரும் “சாப்பிட்டாச்சா”, “கதவைப் பூட்டியாச்சா” என்று அளந்து பேசிக்கொள்கிறார்கள். என் மகள் என்னிடம் வந்து, “நான் அவரைப் பார்த்துச் சிரிக்கலப்பா, அந்தக் கேனை நினைச்சுத்தான் சிரிச்சேன்,” என்று அழுதாள். அதை அவரிடம் போய்ச் சொல் என்றால், கேட்கிற மாதிரி அவர் முகம் இல்லை என்கிறாள். நேற்று நானே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “என்ன மாப்பிள்ளை, அடுத்த பாட்டு எப்போ?” என்றேன். “அவ்ளோதான் மாமா, போதும். ஊர் சிரிச்சதுகூட வருத்தமில்ல. அப்பா கேட்டாங்களான்னே தெரியல. ஒரு வார்த்தை சொல்லல. அவங்க சொன்னபடிதானே மாத்தினேன்?” என்றார்.

சம்பந்தி, எனக்கு இது தாங்கவில்லை. அந்த இருவரும் பாடாத வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த எட்டுப் பாட்டையும் ஒரு தடவை கேளுங்கள். பிடிக்காவிட்டாலும் பாதகமில்லை. கேட்டுவிட்டு உங்கள் மகனைக் கூப்பிட்டு, “நல்லா இருக்குடா” என்று சொல்லுங்கள். “சரி”, “வெச்சிடட்டுமா” என்பதற்கு நடுவே அந்த இரண்டு வார்த்தைக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. நீங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை என்று எனக்குத் தெரியும்; உங்கள் மகனுக்கும் அது தெரிய வேண்டாமா?

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டில் சமாதானமும், மேல்மாடிக் குழாயில் தண்ணீரும் குறையாமல் இருக்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் மகள், “அப்பா, ஓடி வாங்க!” என்று கத்தினாள். ஆல்பத்தின் பக்கத்தில் ‘வழிப்போக்கன்’ என்ற பெயரில் யாரோ ஒருவர் எட்டுப் பாட்டுக்கும் கருத்து எழுதியிருக்கிறார். முதல் மூன்றுக்கும் “நன்று.” நான்காவதற்கு, “நன்று. இடையில் இருமுகிறவர் உடனே மருந்து சாப்பிட வேண்டும்.” ஐந்தாவதற்கு, “நீ என்றே பாடியிருக்கலாம். மாற்றச் சொன்ன மடையன் யாரோ தெரியவில்லை.” கடைசிப் பாட்டுக்குக் கீழே, “முன்பின் தெரியாத உங்கள் இருவரையும் மனமாரப் பாராட்டுகிறேன். தொடர்ந்து பாடவும். இப்படிக்கு, உன் அன்புள்ள அப்பா.”

மாப்பிள்ளை அந்தக் கடைசி வரியைப் படித்தார், திரும்பவும் படித்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஆலயத்தில் என் மகள் சிரித்தாளே, அதே சிரிப்பு. அவளும் சேர்ந்துகொண்டாள். மைக் கீழே இறங்கிவிட்டது. ‘நீ’ என்று மாற்றி மறுபடியும் பதிவு செய்கிறார்கள். தண்ணீர்க்காரர்தான், “நீயா? மரியாதை இல்லாம இருக்கே,” என்று வருத்தப்பட்டுக்கொண்டு போகிறார். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் நீங்கள் படிக்க வேண்டாம். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, மெத்தை சுவரேறிவிட்டது, நான் சோபாவில் வாயைப் பொத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். மருந்து சாப்பிட்டுவிட்டேன், வழிப்போக்கரே.