கடிக்கக் கூடாத மாப்பிள்ளை

முறுக்குத் தட்டு முன்னால் வந்ததும் ரத்தினசாமிக்கு வியர்த்துவிட்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் வியர்ப்பது வழக்கம்தான். ஆனால் முறுக்கைப் பார்த்து வியர்த்த மாப்பிள்ளை, வண்ணாமடைக்கு வந்தவர்களில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன், மீனாட்சிபுரத்தில் தன் தொழுவத்தில் பால் கறக்கும்போது மாடு விட்ட உதையில் அவனுடைய முன்பல் ஒன்று பாதியாக உடைந்துவிட்டது. வயதோ முப்பத்திரண்டு. ஓட்டைப் பல்லோடு போனால் எவள் சம்மதிப்பாள்? பயந்துபோய், நேற்றுத்தான் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினான். அங்கே ஒரு பல் டாக்டர் மிச்சப் பல்லை ராவி, அதன்மேல் ஒரு கேப்பை மாட்டிவிட்டார். அது எழுபத்து நாலாம் வருஷம். பல்லுக்குத் தொப்பி போடலாம் என்பதே அவனுக்கு அதிசயமாக இருந்தது.

"இது தற்காலிகம்தான். நிஜக் கேப் வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் எதையும் கடிக்காதீங்க, வாயை அகலமாத் திறக்காதீங்க" என்றார் டாக்டர்.

இப்போது பெண்ணின் அப்பா சென்னியப்பன் தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"எடுத்துக்குங்க மாப்பிள்ளை."

ரத்தினசாமி உதட்டை இறுக்கிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காவிட்டால் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கதவோரம் நின்ற பொன்னாத்தாளின் முகம் சுருங்கியது. அவனுக்கோ அவளைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

கூட வந்த மாமா குப்பண்ணன் நிலைமையைச் சமாளிக்கப் புறப்பட்டார்.

"பையனுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுங்க."

"அதுக்கென்னங்க, எண்ணெயில்லாததும் இருக்குதுங்க. அக்கா!"

பெண்ணின் அத்தை மருதாத்தாள் கடலை உருண்டை கொண்டுவந்து வைத்தாள். பாகு இறுகிக் கல்லாகக் கிடந்தது. மாமா அசரவில்லை.

"கடலை பித்தமுங்க. குளிர்ச்சியா ஏதாச்சும் இருந்தா..."

மோர் வரும் என்று ரத்தினசாமி மலைபோல் நம்பினான். வந்தது கரும்பு. அதுவும் தோல்கூடச் சீவாத முழத்துண்டு. அவன் மாமாவை முறைத்தான். மாமா ஓட்டுக்கூரையில் எத்தனை ஓடு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எதுவுமே வேண்டாமுங்களா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தையாச்சும் சொல்லுங்க. புள்ள எத்தனை நேரமா நிக்குது பாருங்க" என்றார் சென்னியப்பன். அவர் குரலில் இருந்த மரியாதை தேய ஆரம்பித்திருந்தது.

பொன்னாத்தாள் விருட்டென்று உள்ளே திரும்பிவிட்டாள்.

கல்யாணமே கைநழுவிப் போகும்போது கேப்பைக் காப்பாற்றி என்ன செய்வது? ரத்தினசாமி கரும்பை எடுத்தான். ஒரே கடி.

கேப் தெறித்துப் பறந்து, சென்னியப்பனின் காப்பி டம்ளரில் போய் விழுந்தது.

"எனக்குப் புள்ளயப் புடிச்சிருக்குதுங்க!" என்று கத்தினான். பாதி வார்த்தை, பாதி காற்று.

சென்னியப்பன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். குப்பண்ணன் அதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

மருதாத்தாள் உள்ளே பார்த்து ஒரு கூவல் கூவினாள்.

"அம்மிணி, வெளிய வா! பல்லு முழுசா இருக்கவும், வேற ஆளை ஜோடிச்சுக் கூட்டியாந்துட்டாங்கன்னு நெனச்சுத்தான் கரும்பு வரைக்கும் குடுத்துப் பார்த்தேன். இவரு மீனாட்சிபுரத்துச் சனம் சொல்லி நீ கேட்ட ஆளேதான், பல்லு போற மாதிரி ஒதைச்ச மாட்டைத் திருப்பி அடிக்காத அந்த மனுசன்!"