கம்பைலர் வீட்டுக் கம்ப்யூட்டர்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆனால் ஒரு கம்ப்யூட்டரைச் சம்பா சாகுபடி போலப் பாடுபட்டு விளைவித்தவர் எங்கள் தெருக் கம்பைலர் ஒருவர்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர், தெருவின் இருபத்து மூன்று வீடுகளில் இரண்டு வீட்டுக்கு மேல் தெரியாது. விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வலங்கைமான் பக்கம் கொஞ்சம் நிலம், சென்னையில் விட்டுவிட்டு வந்த ஒரு வேலை, ஐம்பதைத் தாண்டிய வயது. கடையில் தயாராகக் கிடைக்கும் எதுவும் அவருக்கு ஆகாது. காப்பிக்குப் பெயர்போன ஊரில் பச்சைக் கொட்டையாக வாங்கிவந்து இரும்புச் சட்டியில் தானே வறுப்பார். புகை என் வீட்டு ஹால் வரை வரும். தீப்பிடித்துவிட்டது என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தது மட்டும் நாலு தடவை.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். நாமெல்லாம் யாரோ சமைத்துப் பொட்டலம் கட்டிய இயங்குதளத்தை ஏற்றிக்கொள்கிறோம். இவர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் மூல நிரலை, அதாவது மனிதர்கள் எழுதிய வரிகளை அப்படியே இறக்கி, தன் மெஷினுக்குப் புரியும்படி தானே மாற்றுவார். அதற்குப் பெயர் கம்பைல் செய்வது. மணிக்கணக்கில் ஓடும். தெரு அவருக்குப் பெயர் வைத்துவிட்டது.

"எதுக்குங்க இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"காப்பிப் பொடி வாங்கினா சிக்கரி எவ்வளவுன்னு கடைக்காரனுக்குத்தான் சார் தெரியும். நானே வறுத்தா எனக்குத் தெரியும்ல?"

இதிலும் இரண்டு வழி உண்டாம். ஜென்டூ என்று ஒன்று. எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதுவே வரிசையாகக் கட்டிக்கொள்ளும். இன்னொன்றில் உதவிக்கு ஆளே கிடையாது. ஒவ்வொரு துண்டையும் கையால் கட்ட வேண்டும். கட்டுவதற்கான கருவிகளையும் முதலில் நாமேதான் கட்ட வேண்டும்.

"அது ஆள் வெச்சு சமைக்கிறது. இது கரண்டியையே நாம அடிச்சுக்கறது. கத்துக்கணும்னா இதுதான் சார்!"

"தினப்படி உபயோகத்துக்கு?"

"கத்துக்கிட்டவனுக்கு உபயோகிக்கத் தெரியாதா?"

சிக்கலே அங்கேதான். அந்த வீட்டில் உருப்படியான கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அவர் மனைவி செல்வி டீச்சர் மாலையில் அதில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். கம்பைலர் கையால் கட்டத் தொடங்கியதும் டீச்சர் செல்போனுக்கு மாறினார். அந்தச் சின்னத் திரையில் பின்னம் போட்டால் மேலே இருப்பது தெரியும்போது கீழே இருப்பது தெரியாது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து, கட்டி முடித்துவிட்டதாகத் தெருவையே அழைத்துக் கேசரி கொடுத்தார் கம்பைலர். போய்ப் பார்த்தோம். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"படம் வராதா?" என்றார் எதிர்வீட்டுப் பாத்திரக்கடைக்காரர்.

"படம் இன்னும் கட்டலீங்க."

"சத்தம்?"

"அதுவும் கட்டல."

"அப்ப என்னதாங்க வேலை செய்யுது?"

"எல்லாமே!"

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முப்போகமும் விளைந்த முகம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் போட்ட கணக்கைச் சரிபார்த்தே ஓய்வு பெற்ற எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

டீச்சர் மட்டும் கேசரியைத் தொடவில்லை. "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் புது பேட்ச். பெத்தவங்களும் உக்காந்து பாப்பாங்க. இதுவும் போச்சுன்னா டியூஷன மூடிட வேண்டியதுதான்."

"அதுக்குள்ள ஜென்டூவுக்கு மாத்திடறேன் செல்வி."

"அரை மணியில ஏத்தற ரெடிமேடு இருக்குல்ல?"

"இருக்கு. ஹோட்டல்லகூடத்தான் சோறு இருக்கு."

புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேப்பரில் போட்டிருந்ததை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்திருந்தேன். ஜென்டூ பாதி கட்டியிருந்த மெஷினை என் வீட்டுக்குத் தூக்கிவரச் சொல்லி இன்வர்ட்டரில் செருகினோம். அது மூச்சிரைத்தபடி அனலைக் கக்கியது. மார்கழிக் குளிரில் புளிக்காமல் கிடந்த இட்லி மாவை என் மனைவி அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். மதியத்துக்குள் மாவு பொங்கி வழிந்தது. இன்வர்ட்டர் எப்போது நிற்குமோ என்று அதன் விளக்கையே பார்த்துக்கொண்டு நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் தயார். அவ்வளவு வேகமான கம்ப்யூட்டரை நான் கண்டதில்லை. தொட்டதும் திறந்தது. ஐந்து மணிக்குப் பெற்றோர்கள் திரையில் வந்தார்கள். டீச்சர் வணக்கம் சொன்னார். அவர்கள் காதைத் தொட்டுக் காட்டினார்கள். டீச்சர் உரக்கச் சொன்னார். மறுபடியும் காதைத் தொட்டார்கள்.

கம்பைலர் வெளிறிப் போனார். வேண்டாதவற்றையெல்லாம் விலக்கிக் கட்டியபோது மைக்கையும் விலக்கியிருந்தார்.

"அத ஏங்க எடுத்தீங்க?" என்றேன்.

"நான் கம்ப்யூட்டர்ல பேசினதே இல்லியே சார்!"

டீச்சர் திரும்பினார். "நான் பேசறேனே. ஏழு வருஷமா, நீங்க இருக்கற ரூமுக்குப் பக்கத்து ரூம்ல."

மறுபடி கட்டினால் விடிந்துவிடும். கம்பைலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார். "சார், உங்க பையன் வாங்கிக் குடுத்த லேப்டாப்பக் குடுங்க. அந்த ரெடிமேடு."

ஹோட்டல் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் அந்த வார்த்தையைத் தன் வாயால் சொன்னார். பேரன் தொட்டாலே பதறுகிற நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வகுப்பு தாமதமாகத்தான் தொடங்கியது, ஆனால் யாரும் போகவில்லை. முடியும் வரை கம்பைலர் கதவோரம் நின்று பின்னப் பெருக்கலைக் கேட்டார்.

"பிரமாதமா எடுக்கறா சார்," என்றார் என் காதில்.

மறுநாள் அவரே வீட்டுக் கம்ப்யூட்டரில் ரெடிமேடை ஏற்றினார். அரை மணியில் முடிந்துவிட்டது. "இதுல என்ன சார் இருக்கு?" என்று கையை விரித்தார். புது பேட்ச் நிலைத்தது. கம்பைலர் சும்மா இருந்தார். சும்மா என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு.

ஒருநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "பழைய கம்ப்யூட்டர் விக்கிற கடைக்குக் கூட வரீங்களா சார்? அவருக்குன்னு தனியா ஒண்ணு வாங்கணும். தினப்படிக்கு ரெடிமேடு இருக்கட்டும். கத்துக்கறதுக்கு அவரு அதுல என்ன வேணா கட்டிக்கட்டும்."

கடைக்காரர் வேகமான மெஷினாக ஒன்றை எடுத்து வைத்தார். டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். "இது வேணாங்க. சீக்கிரம் கட்டி முடிச்சிடுவாரு. அப்புறம் என் மிக்ஸியப் பிரிப்பாரு."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் டீச்சரும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்து, இருந்ததிலேயே மெதுவானதைத் தேர்ந்தெடுத்தோம்.