ஈக்வல் என்றால் சமம்

ஒன்று சரியில்லை என்றால் மனுசனுக்கு முதலில் தோன்றுவது, எதையாவது கூட்டலாம் என்பதுதான். சாம்பாரில் உப்பு கூடிப்போனால்கூடத் தண்ணீரைக் கூட்டுகிறோம். நானும் அப்படிக் கூட்டிக் கூட்டித்தான் ஒரு கல்யாணக் கச்சேரியைக் கெடுக்கப் பார்த்தேன், பிள்ளைகளே.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு மைக்செட் கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். கருமத்தம்பட்டியில் ஒரு வரவேற்பு. மிக்சரைப் பார்க்கிற அண்ணனுக்குக் காய்ச்சல் என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். (மிக்சர் என்றதும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். எல்லா மைக்கின் சத்தத்தையும் கலக்கும் பெட்டி அது.) ஒவ்வொரு மைக்குக்கும் மூன்று திருகு: அடிச்சத்தத்துக்கு பேஸ், நடுவுக்கு மிட், கீச்சுக்கு ட்ரெபிள். இந்தத் திருகுகளுக்குத்தான் ஈக்வலைசர் என்று பெயர்.

ஈக்வல் என்றால் சமம். எட்டாம் வகுப்புக் கணக்கில் படித்திருக்கிறேனே! எல்லாரையும் சமமாக வைப்பதே என் கடமை என்று முடிவு செய்துவிட்டேன்.

கிட்டார்க்காரர் வந்தார். "ஏனுங்க, நம்மளுது கொஞ்சம் தூக்கலா வையுங்க." வைத்தேன்.

கீபோர்டுக்காரர் பார்த்துவிட்டார். "நாங்க மட்டும் என்னங்க பாவம் பண்ணுனோம்?"

அவருக்கும் வைத்தேன். பந்தியில் ஓர் இலைக்கு வைத்த ஜிலேபியை அடுத்த இலைக்கு வைக்காமல் போனால் எங்கள் ஊரில் அது மரியாதையா? கேட்காமல் இருந்த தபேலாக்காரரையும் நானாகவே ஏற்றிவிட்டேன். கடைசியில் எல்லாத் திருகும் உச்சத்தில். சமமாக.

பாட வந்தவர் உங்கள் அம்மா. அன்றைக்கு எனக்கு யாரோ ஒரு சரோஜா. அவருக்கு முதல் மேடை. உதடு அசைகிறது, வெளியே வருவதோ தண்ணீர்த் தொட்டிக்குள் லாரி ஓடுகிற சத்தம். நடுநடுவே "கூ..." என்று மைக் விசில் அடித்தது. மாப்பிள்ளை இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். (தோப்புக்கரணம் போடுகிறார் என்று நினைத்து எதிரே நின்ற குழந்தைகளும் போட்டன.)

பாட்டு முடிந்ததும் சரோஜா நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, நான் பாடறது எனக்கே கேக்கலீங்க. இன்னொரு பாட்டுத்தான் இருக்குது. அதுவும் இப்படியே போச்சுன்னா இனி மேடையே வேண்டாம்னு அப்பா சொல்லிப்போட்டாருங்க."

அவருடைய அப்பா முன் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தி வுடறனுங்க" என்றேன். எங்கே ஏற்றுவது? அவருடைய திருகுகள் மூன்றும் முட்டி நின்றன. இனித் திருகினால் கையோடு வந்துவிடும். மேலே வழியில்லாததால்தான் கீழே போனேன். இரண்டாவது பாட்டு தொடங்கியதும், மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி கீபோர்டின் மிட்டைக் குறைத்தேன். சரோஜாவின் குரல் மெல்ல எட்டிப் பார்த்தது! கிட்டாரையும் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் வந்தது. துணிந்து சரோஜாவின் மைக்கிலேயே பேஸையும் ட்ரெபிளையும் இறக்கினேன். விசில் அடங்கியது, புளி போட்டு விளக்கிய செம்பு மாதிரி ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று வந்தது.

பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு வாசலில் வந்து நின்றார்கள். "ஒன்ஸ் மோர்!" என்று அதே பாட்டை மறுபடி பாட வைத்தார்கள். நான் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்பா எழுந்து வந்தார். "தம்பி, எம்பட புள்ளைக்கு எந்தத் திருகை ஏத்துனீங்க?"

"எதையும் ஏத்தலீங்க. கொறச்சனுங்க."

"அப்ப நீங்க ஒண்ணுமே பண்ணலீங்களா?"

"அதைத்தானுங்க பண்ணுனேன்."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த கச்சேரிக்கும் இந்தத் தம்பியே உட்காரட்டும் என்றார். பல கச்சேரிகளுக்குப் பிறகு மணமேடையிலும் உட்கார வைத்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் நான் காலை நீட்டிப் படுத்திருக்கும் நேரம் பார்த்து, "உங்கப்பன் என்ன பண்றாரு கண்ணு?" என்று போனில் கேட்கிறார் உங்கள் தாத்தா. நீங்களும் விடுகிறீர்களா? ஒரே குரலில் கத்துகிறீர்கள்:

"மிட்டைக் கொறச்சுட்டு இருக்காருங்க தாத்தா!"