முன்பாதி விழித்தவர்கள்

உலகத்தில் தூங்குகிறவர்கள் உண்டு, விழித்திருப்பவர்கள் உண்டு. இவர்களுக்கு நடுவே சத்தமில்லாமல், இல்லை, நிறையச் சத்தத்தோடு மூன்றாவதாக ஓர் இனம் பல்கிப் பெருகியிருக்கிறது: முன்பாதி மட்டும் விழித்தவர்கள். இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸ் ஊரில், தரையணில்களை ஆராயும் கூடத்துக்கு வாருங்கள். தலைவர் வெர்னன் ஹால்வர்சன் தம் நாற்காலியில் இருப்பார். வேறெங்கும் இருக்க மாட்டார்.

முதலில் அணிலைப் பற்றி இரண்டு வார்த்தை. குளிர்காலத்தில் அது தூங்கும்போது இதயம் எப்போதாவதுதான் அடிக்கும். அந்தச் சொற்ப அடியிலும் ரத்த அழுத்தம் அடியோடு சரிந்துவிடாதபடி உடம்பெங்கும் ரத்தக் குழாய்கள் இறுகிச் சுருங்கிக்கொள்ளும். விழிக்கும்போது எல்லாம் ஒன்றாகத் திறப்பதில்லை. இதயம், மூளை, உடம்பைச் சூடேற்றும் தோள்பட்டைக் கொழுப்பு ஆகியவற்றுக்குப் போகிறவை முதலில் திறக்கும். இடுப்புக்குக் கீழே இறுகியபடியே கிடக்கும். ஆகவே கொஞ்ச நேரம் மீசை துடிக்கும், கண் மின்னும், பின்னங்கால் மட்டும் பனிக்கட்டி. அணில் இந்த நிலையைச் சீக்கிரமே கடந்துவிடும். வெர்னன் பதவிக்கு வந்ததிலிருந்து கடக்கவில்லை.

ஜனவரியில் குளிர் அறையின் இயந்திரம் மூச்சிரைத்தது. வெளியே மைனஸ் நாற்பது. உள்ளே குளிர் போதவில்லை. இந்த வேடிக்கையை ரசிக்கும் நிலையில் ஆய்வாளர் மெரடித் இல்லை. அவளுடைய அணில்கள் அத்தனையும் அங்கேதான் தூங்கின. அறை சூடேறினால் விழித்துக்கொள்ளும். அவள் அளந்துகொண்டிருந்த குழாய்கள் திறந்துகொள்ளும். இந்தக் குளிர்காலம் வீண். அடுத்த குளிர்காலத்தில் அவளுக்கு அங்கே வேலை இல்லை. பழுதுபார்ப்பவரைக் கூப்பிட வேண்டியவரோ வெர்னன்.

கேட்டதும் அவர் காது சிவந்தது, கைகள் பறந்தன.

"மெஷினா? அதை என்கிட்ட விட்டுடு மெரடித். பேசிட்டேன்னே வெச்சுக்கோ."

"இன்னைக்கே பேசிடுவீங்களா?"

"இன்னைக்கு என்ன, இப்பவே."

நாற்காலி அரைவட்டம் சுழன்றது. அவ்வளவுதான்.

தூங்கும் அணில் அசைந்ததா என்று அறிய அதன் முதுகில் மரத்தூள் தூவி வைப்பார்கள். தூள் அப்படியே இருந்தால் தூக்கம்; உதிர்ந்திருந்தால் எழுந்திருக்கிறது. உபகரணங்களைக் கவனிக்கும் ட்வைட் அன்று வெர்னனைத் தட்டிக்கொடுப்பதுபோல் தோளில் ஒரு சிட்டிகை தூவிவிட்டான். மாலையில் எட்டிப் பார்த்தான்.

"அப்படியே இருக்கு. ஆழ்ந்த உறக்கம்."

"சிரிக்காதே ட்வைட். அறை சூடாகிட்டே வருது."

மறுநாள் வெர்னன் அவசரக் கூட்டம் போட்டார். எல்லோரும் கவலைப்பட்டார்கள், ஒவ்வொருவரும் மற்றவரைவிட அழகாகக் கவலைப்பட்டார்கள். மெரடித்தும் பேசினாள், குரல் நடுங்க, ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது என்று வெகுநேரம். முடித்தபோது வேலையே முடிந்துவிட்டதுபோல் மனம் லேசாயிருந்தது.

"நல்லாப் பேசினே," என்று ட்வைட் காதோரம் சொன்னான். "அணிலுங்க முழிச்சிருந்தா கைதட்டியிருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. நொண்டியபடியே போனாள்.

பின்வாசலில் இரண்டு கதவுகளுக்கு நடுவே, பூட்ஸ் பனியை உதறுவதற்கென்று அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் சிற்றறை ஒன்று உண்டு. உறையவும் உறையாது, சூடேறவும் ஏறாது. அவளும் ட்வைட்டும் கூண்டுகளை ஒவ்வொன்றாக, குலுங்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கே சுமந்தார்கள். கடைசிக் கூண்டுக்கு வெர்னனும் வந்து சேர்ந்தார். உள்கதவைத் திறந்து பிடித்தபடி உற்சாகமூட்டினார்.

"பிரமாதம் மெரடித். இதைத்தான் நான் நேத்தே யோசிச்சேன். ஒற்றுமையா நின்னா முடியாதது எது, சொல்லு?"

அந்தக் கூண்டு அணில் விழித்துக்கொண்டது. மீசை துடித்தது. அதுவும் வெர்னனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாரேன், முகமெல்லாம் சூடாயிடுச்சு. பின்னங்கால் இன்னும் சில்லுன்னு கிடக்கு. என்ன அற்புதம்."

"அற்புதம்தான் வெர்னன். உள்ளேயிருந்து சூடு வருது, மத்ததும் முழிச்சுக்கும். கதவை மூடுறீங்களா?"

"தாராளமா மூடிடலாம்," என்றார்.

மூடியது ட்வைட்.

மற்றவை தூங்கின. மெரடித்தின் குளிர்காலம் பிழைத்தது. நீங்களும் பெருமூச்சு விடுகிறீர்கள். எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தலையாட்டுகிறீர்கள். நல்லது. பெருமூச்சும் தலையாட்டலும் முன்பாதியைச் சேர்ந்தவை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பாருங்கள் என்று சற்று முன் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்ததே, "இதோ" என்றீர்களே, எழுந்துவிட்டீர்களா?