கேளையாடு வலைப்பூ தொடங்கிய கதை

ஒரு காட்டில், அதுவும் டவர் நன்றாகக் கிடைக்கிற காட்டில், செங்கோடன் என்றொரு கேளையாடு இருந்தது; பேர்தான் ஆடு, ஆனால் குரைக்கிற மான் ஜாதி. சிறுத்தை வாடை அடித்தால் போதும், நாய் மாதிரி குரைக்கும். மான், முயல், பன்றி எல்லாம் ஓடித் தப்பிக்கும். பரம்பரை வேலை. ஆனால் பேர் கிடையாது. "யாரோ கத்துறாங்க, ஓடு" என்பதோடு சரி. செங்கோடனுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

"எத்தனை உசிரைக் காப்பாத்தியிருக்கேன்! ஒருத்தனாவது என் பேரைச் சொன்னானா?" என்று வீரபாகு மந்தியிடம் புலம்பியது. வீரபாகு பெரிய பதிவர். அது இன்றைக்கு எத்தனை கொய்யா தின்றது என்பது வரை காட்டுக்கே தெரியும்.

"யோவ், இந்தக் காலத்துல போய்த் தொண்டையால கத்துவாங்களா? வலைப்பூ ஆரம்பி" என்றது மந்தி.

முதல் நாள் கடவுச்சொல் வைத்தது. மறுநாள் மறந்தது. குளம்பால் தொட்டால் ஓர் எழுத்துக்கு நாலு எழுத்து விழுந்தது. பின்னணிக்குப் புல் பச்சையா, இலை பச்சையா என்று தேர்ந்தெடுக்கவே மூன்றாம் நாள் முழுக்கப் போயிற்று.

நாலாம் நாள் காலை, புதருக்குள் நிஜமாகவே சிறுத்தை. குரைப்பு தொண்டை வரை வந்துவிட்டது. செங்கோடன் அடக்கிக்கொண்டது. கத்தினால் ஓசியில் போய்விடுமே! மந்தியோடு பாறை மேல் ஏறிப் போனை எடுத்தது. கீழே அதன் உயிர்த்தோழி குப்பாயி முயல் மேய்ந்துகொண்டிருந்தது. சிறுத்தை அதை நோக்கித்தான் ஊர்ந்தது.

"தலைப்பு 'சிறுத்தை வருது'ன்னு வைக்கட்டுமா?"

"அதை எவன் படிப்பான்? 'புதருக்குள் இருப்பது யார்? அதிர்ச்சித் தகவல்'னு வை. பேரைக் கடைசிப் பத்தியில சொல்லு."

"குப்பாயி கீழ மேயுதேய்யா!"

"அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் படத்தைச் சேரு."

பதிவு ஏறியது. குப்பாயியின் போன் சிணுங்கியது. அண்ணனின் முதல் பதிவாச்சே! தலையைக் குனிந்து ஆசையாகத் திறந்தது. படிப்பதற்கு முன்பே பின்னூட்டம் போடுவதுதான் அந்தக் காட்டு மரியாதை. "மீ த ஃபர்ஸ்ட்டு! அருமையான பதிவுண்ணே. முழுசாப் படிச்சுட்டு வர்" என்பது வரை தட்டியது. அனுப்பும் பொத்தானில் விழுந்தது சிறுத்தையின் கால்.

"வருகைக்கு நன்றி, தொடர்ந்து வாங்க" என்று உடனே பதில் போட்டுவிட்டு, அப்புறம்தான் செங்கோடன் கீழே பார்த்தது.

அழுதது. உண்மையாகவே அழுதது, அதில் குறை சொல்ல முடியாது. அழுதுகொண்டே 'போய் வா, குப்பாயி' என்று எழுதியது. சாயங்காலத்துக்குள் நானூறு பேர் படித்தார்கள். பன்றிக் கூட்டம் மொத்தமும் வந்து, "கண்ணீர் வரவழைச்சுட்டீங்க செங்கோடண்ணே" என்றது. காடே முதல் தடவையாக அதன் பேரைச் சொன்னது.

மறுநாள் அதே சிறுத்தை ஒரு சருகுமானுக்குப் பின்னால் பதுங்கியது. செங்கோடன் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தம்பி, கொஞ்சம் இப்படித் திரும்பு. சிரி" என்று சருகுமானை அழகாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டது.

நீதி: காப்பாற்றினால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள், இரங்கல் எழுதினால்தான் நின்று படிப்பார்கள். ஆகவே நண்பர்களின் நல்ல புகைப்படம் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.