போன் பெட்டிக்குள் ஒரு பாட்டு

ராஜபாண்டியன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். காப்பி குடித்தான். எம். புதுப்பட்டிக்கு பைக்கை விட்டான். பட்டாசுக் கம்பெனி கேட்டைத் திறந்து பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

ஆலைக்குள் செல்போன் கூடாது. வேலைக்கு வருகிறவர்களின் போனை வாங்கிப் பெட்டியில் அடுக்குவதும், சாயங்காலம் திருப்பிக் கொடுப்பதும் அவன் வேலை.

அன்று அவனுக்கு ஒரு கவலை இருந்தது. மனைவி சுகிர்தா கல்லூரியில் ஒரு கூட்டத்தோடு ராப் பாடியவள். தனியாகப் பாடிய முதல் பாட்டு, 'வெள்ளிக் கை', போன வாரம் வெளியாகியிருந்தது. தமிழ் ராப் பட்டியலில் முப்பதாவது இடத்திலேயே நின்றது. ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாள்.

"இன்னையிலேர்ந்து லாக்கை எடுத்துட்டுப் போனைக் குடுங்க. ஆபீஸ் உத்தரவு," என்று வேலைக்கு வந்தவர்களிடம் தானாகவே அடித்துவிட்டான்.

"எதுக்குண்ணே?" என்றாள் திரி வெட்டும் கற்பகவல்லி.

"பாதுகாப்புக்கு."

"லாக்கை எடுத்தாப் பாதுகாப்பா? நல்லாருக்கு உங்க கம்பெனி!"

ஆனாலும் கொடுத்தார்கள். அவர்கள் உள்ளே போனதும் எல்லாப் போனிலும் 'வெள்ளிக் கை'யை ஓடவிட்டான். கேட் ரூம் அதிர்ந்தது. போர்மேன் சோலைமலை ஓடி வந்தார்.

"என்னலே சத்தம்?"

"ரிங்டோன்ணே."

"அம்புட்டுப் போனுக்கும் ஒரே நேரத்துலயா?"

மறுநாள் சத்தத்தைக் குறைத்தான். பெட்டியைச் சாக்கால் மூடினான். பாட்டு இருபதுக்கு வந்தது. பிறகு பத்துக்குள். சுகிர்தா இரண்டாம் தடவை சோறு கேட்டாள். அவன் இன்னொரு சாக்கைப் போட்டான்.

"நெட்டு மத்தியானமே தீந்து போகுதுண்ணே," என்று பெண்கள் முனகினார்கள்.

"டவர் கோளாறு."

அடுத்த வாரம் வெயில் ஏறியது. மூடிய பெட்டிக்குள் போன்கள் கொதித்தன. அந்தப் பக்கம் வந்த சோலைமலை பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சூடு. பட்டாசு ஆலையில் சூட்டைக் கண்டால் யாரும் யோசிப்பதில்லை. சாக்கை இழுத்தெறிந்து, தீயணைக்கத் தொங்கவிட்டிருந்த வாளி மணலையெல்லாம் பெட்டிக்குள் கொட்டினார்.

மணலுக்கு அடியிலிருந்தும் சுகிர்தா பாடிக்கொண்டிருந்தாள்.

சோலைமலை குனிந்து காதை வைத்துக் கேட்டார். "ஏலே, இது உன் பொண்டாட்டி குரல்லா!"

சாயங்காலம் பெண்கள் போனைத் தட்டித் தட்டி மணலை உதிர்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினாள் சுகிர்தா. கை நிறையச் சாத்தூர் சேவு. கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்தினாள்.

"மாமா! ஒண்ணாவது இடம்!"

ஒருத்தரும் கை தட்டவில்லை.

"ஏன் வராது?" கற்பகவல்லி தன் போனைத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டு வாரமா எங்க போன்ல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உன் பாட்டையே ஓட்டிருக்காரு உன் வீட்டுக்காரரு. எங்க நெட்டுல வந்த ஒண்ணாவது இடம் தாயி அது!"

சுகிர்தா அவனைப் பார்த்தாள். சேவுப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

"நெசமாவா மாமா?"

அவன் தலையாட்டினான். "நீ சோத்தை வச்சுட்டுப் போன. பொறுக்கல. உன் பாட்டைக் கெடுத்துட்டேன் பிள்ள."

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் கை சேவை அவன் கையில் வைத்தாள்.

"அது நீதானா? புதுப்பட்டியில ஓடுறது அம்புட்டையும் கள்ளக்கணக்குன்னு பட்டியல் போடுறவங்க போன வாரத்துலேர்ந்தே கழிச்சுட்டு வர்றாங்க மாமா. கழிச்சது போகத்தான் ஒண்ணாவது இடம்."