கறுப்பு பார்டரில் ஜானு பக்கம்

மயிலாப்பூர்,
20.9.1997, சனிக்கிழமை

சௌபாக்கியவதி ஸ்ரீலக்ஷ்மிக்கு,

உன் மாமா பெண் ஜானு, பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதும் கடிதம். இவ்விடம் நானும், ஆத்துக்காரரும், குழந்தை ஷ்ரேயாவும் க்ஷேமம். பாலவாக்கத்தில் நீயும் மாப்பிள்ளை ஸ்ரீரங்கனும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த 'க்ஷேமம்' என்ற வார்த்தையை யாரும் நின்று படிப்பதில்லை. இந்தத் தடவை தயவுசெய்து நின்று படிக்கவும். நான் க்ஷேமம். அதாவது, உயிரோடு இருக்கிறேன். வியாழக்கிழமை நீ கேள்விப்பட்டது தவறு. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று ஆதியோடு அந்தமாக உனக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உனக்கு மறந்திருக்காது. எழுபத்தெட்டிலிருந்து எண்பத்துநாலு வரை, ஆறு வருஷம், வாரம் தவறாமல் முழுநீளத் தாளில் ஒரு பக்கம் கையால் எழுதி, கச்சேரி ரோடு பக்கத்துச் சந்தில் இருக்கும் அப்துல் வஹீத் பாயின் லெண்டிங் லைப்ரரிச் சுவரில் ஒட்டிவந்தேன். 'ஜானு பக்கம்' என்று பேர். கதை கிடையாது, கவிதை கிடையாது, சமையல் குறிப்பு கிடையாது. அந்த வாரம் எனக்கு என்ன ஆச்சோ அதுதான். பஸ்ஸில் செருப்பு அறுந்தது, என்னைப் பெண் பார்க்க வந்தவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போய் அதை வாங்கிக்கொள்ள மட்டும் இரண்டாம் தடவை வந்தது, அப்பாவுக்கும் எதிராத்து மாமாவுக்கும் குழாயடிச் சண்டை. 'இதையெல்லாம் போய் யாருடி படிப்பா'ன்னு அம்மா கேட்பா. படிச்சாளே! சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சந்துல சைக்கிள் போக வழி இருக்காது. தாளோட ஓரத்துல அரை இஞ்ச் காலியா விட்டிருப்பேன், வந்தவா அதுல பென்சிலால அபிப்பிராயம் எழுதிட்டுப் போவா. 'பிரமாதம்.' 'அடுத்த வாரமும் அந்த மூக்குக்கண்ணாடிக்காரரைப் பற்றி எழுதவும்.' 'எழுத்துப் பிழை இரண்டு.' மறுநாள் ஸ்கூல் போற வழியில அதைப் படிச்சுட்டுப் போனாத்தான் எனக்கு அன்னிக்குக் கணக்குப் பாடமே நடத்த வரும். இருபத்திமூணு வயசுல, எனக்கு ஊர்ல பேர் இருக்குன்னு நெஞ்சை நிமிர்த்திண்டு நடந்தேன். அந்த மாதிரி நடை அப்புறம் எனக்கு வரவே இல்லை.

எண்பத்துமூணுல நீ எங்காத்துல தங்கி காலேஜ் படிச்சிண்டிருந்தே. உன்னை பீச் ரோடு ரேடியோ ஸ்டேஷனுக்கு, பாட்டுக்கு வாய்ஸ் டெஸ்ட்டுக்குக் கூட்டிண்டு போனது நான்தான். நீ உள்ளே போனே, தம்புராவைப் போட்டா, சிவப்பு விளக்கு எரிஞ்சுது, மூணு நிமிஷம் தம்புரா மட்டும் பாடித்து. கடைசில நீ மைக்கைப் பார்த்து 'கொஞ்சம் ஜலம் கிடைக்குமா'ன்னே. அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ல நீ ஜன்னல் பக்கம் திரும்பிண்டே வந்தே. நானும் ஒண்ணும் பேசலை. ஆனா பேசாம இருந்தது துக்கத்துனால இல்லைடி. முதல் வரியை யோசிச்சிண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒட்டினேன். 'என் அத்தை பெண்' என்று மட்டும்தான் எழுதினேன், பேர் போடலை, பெரிய தர்மம் பண்ணின மாதிரி நினைச்சிண்டேன். மயிலாப்பூர்ல எனக்கு எத்தனை அத்தை பெண் இருக்கான்னு எல்லாருக்கும் தெரியாதா என்ன? லஸ்ல, குளத்தங்கரையில, சபா கேன்டீன்ல, உன்னைப் பார்த்தவா எல்லாம் 'கொஞ்சம் ஜலம் வேணுமாம்மா'ன்னு கேட்டா. நீ மூணு வாரம் பொறுத்துண்டே. நாலாவது வாரம் ஹாஸ்டலுக்குப் போயிட்டே. அதுக்கப்புறம் நீ பாடி நான் கேட்கலை. கல்யாணங்கள்ல பார்த்தா 'வாங்கோ ஜானு அக்கா, சௌக்கியமா'ம்பே. 'வாங்கோ'ங்கற அந்த மரியாதை இருக்கே, அதுக்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்த வருத்தத்துல நான் எழுதறதை நிறுத்திட்டேன்னு சொல்ல ஆசையா இருக்கு. சொன்னா அது பொய். அதுக்கப்புறமும் ஒரு வருஷம் ஜோரா எழுதினேன். எண்பத்துநாலுல கல்யாணம் ஆச்சு, சைதாப்பேட்டைக்குப் போனோம், மாமியார் படுத்த படுக்கை, அப்புறம் ஷ்ரேயா, ஸ்கூல், பரீட்சைப் பேப்பர். ஒரு வாரம் விட்டுப் போச்சு, அப்புறம் ஒரு மாசம், அப்புறம் பதிமூணு வருஷம். விடறதுக்கு ஒரு காரணம்கூட வேண்டியிருக்கலை.

இந்த ஜூலைல, மயிலாப்பூருக்கே திரும்பி வந்தப்புறம், ஆத்துப் போன்ல எஸ்.டி.டி. கிடையாதேன்னு டெல்லிக்கு ஒரு போன் பண்ண பூத் தேடிண்டு போறேன், வஹீத் பாய் லைப்ரரில பாதி இப்ப எஸ்.டி.டி. பூத்! அவர் பெண் ஜுவேரியா பார்த்துக்கறா. பாய்க்குத் தாடியெல்லாம் வெளுத்துப் போச்சு. என்னைப் பார்த்ததும் பரண்லேர்ந்து ஒரு மூட்டையை இறக்கினார். பிரிச்சுப் பார்த்தா 'ஜானு பக்கம்', மழையில நனைஞ்சு போனது போக இருநூத்தி எழுபத்தொண்ணு. ஒவ்வொரு வாரமும் பழசைக் கிழிச்சுப் போட்டுட்டார்னு நான் நினைச்சிண்டிருந்தேன். ஒண்ணொண்ணா சுவத்துலேர்ந்து தண்ணி தொட்டு உரிச்சு, காய வெச்சு, அடுக்கி வெச்சிருக்கார் மனுஷர்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா உட்கார்ந்து படிச்சேன். அந்த ஜானுவை எனக்கு ரொம்பப் பிடிச்சுது, ரெண்டு அறை விடணும் போலவும் இருந்தது. எவ்வளவு தைரியம்! கல்யாணம் ஆகாமலே குடித்தனத்தைப் பத்தி உபதேசம், பக்கத்தாத்துத் தாத்தா செத்ததுக்கு வாழ்க்கைத் தத்துவம், எல்லாத்துக்கும் அவளுக்கு அபிப்பிராயம் இருக்கு. இப்ப நான் ஒரு வரி எழுதினா, எதிர்ப்பக்கம் என்ன சொல்லும்னு யோசிச்சு, அடுத்த வரில அதையே அடிச்சுடறேன். அவளுக்குச் சிரிக்க வைக்கத் தெரியும். ஆனா இருநூத்தி எழுபத்தொரு பக்கத்துலயும் அவ சிரிச்சது மத்தவாளைப் பார்த்துத்தான். அவ கால் ஒரு இடத்துலயும் சறுக்கலை.

உன் பக்கமும் அதுல இருந்தது. ஓரத்துல ஏகப்பட்ட பென்சில். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் 'வயிறு புண்ணாகிவிட்டது', 'இந்த வருடத்தின் சிறந்த பக்கம்'. கீழே மூலையில சின்னதா இன்னொண்ணு இருந்தது. 'பாவம், அந்தப் பெண் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.' கையெழுத்து வஹீத் பாயோடது. எடுத்துண்டு போய்க் கேட்டேன், 'ஏன் பாய், அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?'

'எழுதித்தானே வெச்சேம்மா,' என்றார். 'நீங்க அப்பல்லாம் பாராட்டை மட்டும்தான் படிப்பீங்க.'

சரி, மறுபடி எழுதணும், இந்தத் தடவை வேற மாதிரி எழுதணும்னு தோணித்து. என் அசட்டுத்தனத்தை மட்டும்தான் எழுதறதுன்னு தீர்மானம். முதல் பக்கம் எழுதிட்டேன். ஜுவேரியா பார்த்துட்டு, 'ஆன்ட்டி, இந்தக் காலத்துல கையெழுத்தை யாரு படிப்பாங்க, கம்ப்யூட்டர்ல அடிச்சிருங்க'ன்னா. நானும் கேட்டேன் பாரு! தி. நகர்ல ஒரு மாடில ஜவஹர்னு ஒருத்தர் கம்ப்யூட்டர்ல அச்சடிச்சுத் தரார். தாளைக் குடுத்தேன், பழைய பேரைப் பெரிசாப் போடுங்கோ, கீழே முன்னாடி வந்த வருஷத்தைப் போடுங்கோன்னேன். 'போட்டோ ஒண்ணு குடு மேடம், பார்க்க அம்சமா இருக்கும்'னார். ஸ்கூல் அடையாள அட்டைக்கு எடுத்தது ஒண்ணு பையில இருந்தது, குடுத்தேன். புதன்கிழமை சாயங்காலம் போனா, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு நீட்டினார். 'பிரிச்சுப் பார்க்கறியா மேடம்? பார்டர்லாம் போட்டுக்கீறேன், சூப்பரா கீது'ன்னார். ரங்கநாதன் தெருவுல பண்டிகைக் கூட்டம், 12பி பஸ் போயிடுமோன்னு பயம், பிரிக்காமலே வாங்கிண்டு ஓடிவந்தேன். மறுநாள் கார்த்தால ஸ்கூலுக்குப் போற வழியில ஜுவேரியாகிட்ட குடுத்துட்டுப் போயிட்டேன். அவ அப்பதான் கடை திறந்து, போன் மேல போன், அவளும் சரியாப் பார்க்காம ஒட்டிட்டா.

ஜவஹர் அன்னிக்கு முழுக்க ஒரு பெரிய மனுஷரோட நினைவஞ்சலி போஸ்டர் அடிச்சிண்டிருந்திருக்கார். அந்த பார்டர் நன்னா அமைஞ்சிருக்கேன்னு எனக்கும் போட்டுட்டார். ரெண்டு இஞ்ச் கறுப்பு. நடுவுல என் போட்டோ. அடையாள அட்டை போட்டோ எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும், அதுல இருக்கறவாள்லாம் போனவா மாதிரிதான் இருப்பா. மேலே பெரிசா 'ஜானு'. கீழே '1978 – 1984'. அதுக்கும் கீழே நான் ரொம்ப யோசிச்சு எழுதின முதல் வரி: 'உங்களை எல்லாம் விட்டுப் பிரிந்து பதின்மூன்று வருடங்கள் ஆகின்றன.'

வருஷத்தைக் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, ஆறு வயசுல போனவளுக்கு எப்படி இந்த முகம் வந்ததுன்னு யாருக்காவது தோணியிருக்கணும். பார்டரைப் பார்த்தப்புறம் ஒருத்தரும் கணக்குப் போடலை. சந்து முனைல பூக் கட்டற தேவானை, 'அய்யோ, நம்ம டீச்சரம்மா! முந்தாநேத்துகூட மல்லி வாங்கிக்கினு போச்சே!'ன்னு மார்ல அடிச்சிண்டாளாம். ரிடையர்ட் தாசில்தார் மாமா, கண்ணுல கட்டராக்ட் ஆபரேஷன் ஆனவர், அந்த பூத்துக்குள்ளயே போய் உட்கார்ந்து, டயரியைப் பிரிச்சு வெச்சிண்டு, நம்ம உறவுக்காரா அத்தனை பேருக்கும் போன் போட்டுட்டார். உனக்குத் தகவல் வந்தது அவராலதான். போட்டு முடிச்சுட்டு, கையில மாலையோட நேரா எங்காத்துக்கு வந்தார்.

நான் அப்பதான் ஸ்கூல்லேர்ந்து வந்து கதவைத் திறக்கறேன். 'அவர் இருக்காரா?'ன்னு கேட்டுண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். இல்லை, ஆபீஸ்லேர்ந்து வரலைன்னேன். 'இன்னிக்கும் ஆபீஸா! காலம் கெட்டுப் போச்சு'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை, காப்பி கொண்டு வந்து குடுத்தேன். குடிச்சுண்டே, 'நன்னா எழுதுவா. மனசுல பட்டதைச் சொல்லிடுவா. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த ஸ்ரீலக்ஷ்மி பொண்ணை அப்படிப் பண்ணியிருக்க வேண்டாம்'னார். 'யாரை மாமா சொல்றேள்?'ன்னேன். 'ஜானுவைத்தான். நீ யாரு, தங்கையா? அதே குரல்.'

சிரிக்கறதா அழறதான்னு தெரியாம நிக்கறேன், போன் அடிச்சுது. எடுத்தா, நீ. பேரைக்கூடச் சொல்லலை. 'ஜானு அக்கா போயிட்டாளாமே'ன்னு ஒரு அழுகை. இந்தப் பதினாலு வருஷத்துல நீ எங்காத்துக்குப் பண்ணின முதல் போன். 'வாங்கோ' இல்லை, 'சௌக்கியமா' இல்லை, 'போயிட்டாளாமே'. நான் அசடு மாதிரி, 'ஸ்ரீலக்ஷ்மியா? நான்தான் ஜானு பேசறேன்'னேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைஞ்ச சத்தம். போன் கட்டாயிடுத்து. அப்புறம் எத்தனை தடவை போட்டாலும் நீ எடுக்கலை.

அதனாலதான் இந்தக் கடிதம். பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுக்கோ. அது சின்ன விஷயம். அந்தப் பக்கத்துக்கும் மன்னிச்சுக்கோ. அதைக் கேட்கப் பதினாலு வருஷம் ஆயிடுத்து. என்னால நீ பாட்டை விட்டுட்டே. ஒரு குரலை நிறுத்தினவளுக்குச் சுவர் எதுக்கு? நேத்தே போய் என் கையால அந்தத் தாளை உரிச்சுட்டேன். இனிமே 'ஜானு பக்கம்' கிடையாதுன்னு வஹீத் பாய்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் பசை டப்பாவை மூடி உள்ளே வெச்சார்.

மாப்பிள்ளை ஸ்ரீரங்கனுக்கு என் ஆசீர்வாதங்களைத் தெரிவிக்கவும். ஷ்ரேயா உனக்கு நமஸ்காரம் சொல்கிறாள். அன்று கீழே விழுந்து உடைந்தது கண்ணாடிச் சாமானாக இருந்தால் வெறுங்காலோடு நடக்காதே. பெருமாள் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் அக்கா,
ஜானு

பின்குறிப்பு (25.9.97, வியாழன்): ஸ்டாம்ப் இல்லாமல் இது மேஜை மேலேயே கிடந்தது. திங்கட்கிழமை மாப்பிள்ளை போன் பண்ணினார், நீ கோவிலுக்குப் போயிருக்கியாம். நீ பாட்டை விட்டது என்னாலதான்னு அவர்கிட்ட அழுதேன். 'விட்டாளா? யார் சொன்னா?'ன்னார். நீ நாலு தடவை வாய்ஸ் டெஸ்ட்டுக்குப் போனியாம், நாலாவதுல பாஸாம், அஞ்சு வருஷமா எஸ். லக்ஷ்மிங்கற பேர்ல, ரெண்டு மாசத்துக்கு ஒரு வியாழக்கிழமை கார்த்தால ஏழே காலுக்கு ரேடியோல பாடறியாம். 'ஏன் எங்கிட்ட சொல்லலை?'ன்னேன். 'நீங்க எழுதிடுவேளோன்னு பயந்தா'ன்னார். ஏழே காலுக்கு எங்காத்துல ரேடியோ பாடிண்டுதான் இருக்கும், அப்பதான் நான் சட்னிக்கு மிக்ஸியைப் போடுவேன். அஞ்சு வருஷமா உன் பாட்டு மேல தேங்காய் அரைச்சிருக்கேன். இன்னிக்கு உன் முறைன்னு மாப்பிள்ளை சொல்லியிருந்தார். மிக்ஸி போடலை. இவர் 'சட்னி எங்கே'ன்னு கேட்டார், மிளகாய்ப்பொடி டப்பாவை நகர்த்தி வெச்சேன். ஆகவே, மேலே எழுதியதில் 'மன்னிச்சுக்கோ' என்பதைத் தவிர பாக்கி எல்லாவற்றையும் அடித்துவிடவும். பக்கத்தை நிறுத்தப் போவதில்லை. உன் பாட்டைப் பற்றி இன்றைக்கே ஒன்று எழுதிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டலாமா கூடாதா என்று நீதான் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் கிழித்துப் போட்டுவிடு. என்னிடம் நகல் கிடையாது.